வேலியின் முதுகுப் பக்கம்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் யார், நாங்கள் இரண்டு பேர்தான். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? அண்ணி தைலம் தேய்த்துவிட வந்தால் காலை நீட்டுகிறாயா, இல்லை இன்னும் "அப்புறம் அப்புறம்" என்று ஓடுகிறாயா?

ஒரு காரியமாக எழுதுகிறேன். வீட்டைச் சுற்றி மர வேலி போடலாம் என்று இருக்கிறேன். தெரு நாய்களின் அட்டகாசம் தாங்கவில்லை. செடி எதையும் விட்டுவைப்பதில்லை. முன்பக்கம் முப்பதடி, இரண்டு பக்கமும் நாற்பது நாற்பது அடி. பின்னால் பக்கத்து வீட்டுச் சுவர் இருக்கிறது, அந்தக் கவலை இல்லை. உயரம் ஐந்தடி வேண்டும். முப்பது வருஷமாகப் படகுப் பட்டறையில் பலகை அறைகிறாய். கூடப் பிறந்தவளுக்கு ஒரு வேலி சொல்லித் தர மாட்டாயா?

அவர் நன்றாக இருக்கிறார். சைக்கிளோடு போய்ப் பாலத்துக் கட்டையில் மோதி விழுந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம். தலைக்காயம் ஆறி, தழும்பு கூடத் தெரியாமல் முடி மூடிவிட்டது. தபால் ஆபீசில் மொத்தமாக ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் காலை எட்டு மணி ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். முப்பத்தொரு வருஷப் பழக்கம் எங்கே போகும்? நடப்பது உடம்புக்கு நல்லதுதானே.

போனில் கேட்டிருக்கலாம் என்பாய். தபால்காரன் பெண்டாட்டி போனில் குசலம் விசாரித்தால் தெருவே சிரிக்கும் என்று உன் மாப்பிள்ளை சொல்வது உனக்குத் தெரியாதா? சீக்கிரம் எழுது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


ஜனவரி 24

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டி அப்படியேதான் இருக்கிறது. தைலம் தீர்ந்துவிட்டது, அண்ணியின் பொறுமையும் தீரப் போகிறது.

நாய்க்கு ஐந்தடி வேலியா? உங்கள் ஊர் நாய்கள் குதிரை வம்சமோ? மூன்றடி போதும். ஆனால் நீ ஒன்றை நினைத்தால் விட மாட்டாய், அதனால் ஐந்தடிக்கே சொல்கிறேன். கவனமாகப் படி.

ஆறடிக்கு ஒரு கம்பம். ஒவ்வொன்றும் ஏழடி நீளம் இருக்கட்டும், இரண்டடி மண்ணுக்குள் போக வேண்டும். மண்ணுக்குள் போகும் பாகத்துக்குத் தார் பூசு. குழியின் அடியில் ஒரு கை ஜல்லி போடு, இல்லாவிட்டால் தண்ணீர் நின்று மரம் மக்கிவிடும். முதல் கம்பத்துக்கும் கடைசிக் கம்பத்துக்கும் நூல் கட்டிவிட்டு நடுவில் உள்ளதை நட்டால்தான் வரிசை நேராக வரும். கண் மட்டத்தை நம்பாதே. மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு குறுக்குக் கட்டை. அதன்மேல் பலகை. பலகைக்கும் பலகைக்கும் ஒரு விரல் இடம் விடு, மழையில் மரம் உப்பும். ஆணியின் முனையைச் சுத்தியலால் லேசாகத் தட்டி மழுக்கிவிட்டு அடி. கூர் ஆணி பலகை நுனியைப் பிளந்துவிடும். இது பட்டறை ரகசியம், வெளியே சொல்லாதே.

முக்கியமான விஷயம்: குறுக்குக் கட்டை வீட்டுப் பக்கம் இருக்கட்டும், பலகையின் முகம் தெருவைப் பார்க்கட்டும்.

மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால் "நன்றாக இருக்கிறார்" என்று ஒரு வரி எழுதுகிறாய். ஆஸ்பத்திரியில் வைத்து நான் சொன்னது உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். ஆனாலும் திரும்பச் சொல்கிறேன். அவருக்கு ஞாபகம் பிசகிப்போய் உன்னால் சமாளிக்க முடியவில்லை என்றால், இங்கே நல்ல காப்பகம் ஒன்று இருக்கிறது. நர்ஸ்கள் இருக்கிறார்கள். நீ எங்களோடு வந்து இரு. அதற்குப் பதில் எழுது.

அண்ணன்


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறோம். நீ அண்ணியின் பொறுமையைச் சோதிக்காமல் இருப்பதாக நம்புகிறேன்.

மரம் வந்து இறங்கிவிட்டது. மர டிப்போக்காரர் ஏழடிக் கம்பத்தை ஆறரை அடியாக வெட்டி ஏமாற்றப் பார்த்தார். டேப்பை எடுத்துப் போட்டுக் காட்டினேன். "பொம்பளைங்க அளப்பாங்கன்னு யாரு கண்டா" என்றார். "அளக்குறதுக்கு மீசை எதுக்கு?" என்றேன். மாற்றிக் கொடுத்துவிட்டார்.

குழி தோண்டுவது முழுக்க உன் மாப்பிள்ளைதான். நல்ல தெம்பாக இருக்கிறார். தார் பூசியதும் அவர்தான், வேட்டியிலும் கொஞ்சம் பூசிக்கொண்டார். நேற்று ஏழாவது குழியில் நின்றுகொண்டு, "யாருக்கு இந்த வேலி?" என்று கேட்டார். "நாய்க்கு" என்றேன். கடப்பாரையை ஊன்றிக்கொண்டு தெருவைப் பார்த்தார். "பாவம் நாய்" என்றார். பிறகு எட்டாவது குழிக்குப் போய்விட்டார்.

கேட்டுக்கு என்ன தாழ்ப்பாள் போடலாம்? சாதாரணமாக யாரும் சட்டென்று திறந்துவிடக் கூடாது. அப்படி ஒன்று சொல்.

உன் தங்கை

பின்குறிப்பு: ஆணி ரகசியம் பலித்தது. நாலு பலகையில் அடித்துப் பார்த்தேன், ஒன்றுகூடப் பிளக்கவில்லை.


மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

சுகமே. நீ கடிதம் முழுவதும் டிப்போக்காரர் மீசையைப் பற்றி எழுதிவிட்டு, நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. பரவாயில்லை, இன்னொரு தடவை கேட்பேன்.

தாழ்ப்பாளில் மூன்று வகை சொல்கிறேன். ஒன்று, மேலிருந்து விழும் கொண்டி. இரண்டு, பக்கவாட்டில் இழுக்கும் தாழ், அதன் காதில் ஒரு முளைக்குச்சி. மூன்று, படகின் அறைக் கதவுக்கு நாங்கள் போடுவது: அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். அலையில் எவ்வளவு ஆடினாலும் திறக்காது. அதில் ஒன்று இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன்.

நாய் கேட்டைத் திறக்கும் என்று நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. உன் ஊர் நாயை ஒருநாள் பார்க்க வேண்டும்.

அண்ணன்


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நடுவில் எனக்கு இரண்டு வாரம் காலில் புண். செருப்பில்லாமல் நடந்ததால் வந்தது. இப்போது ஆறிவிட்டது.

மூன்று தாழ்ப்பாளும் தோற்றுவிட்டன. கொண்டி ஒரு நிமிஷம் தாங்கவில்லை. முளைக்குச்சியைப் பேசிக்கொண்டே உருவிவிட்டார். உன் படகுத் தாழ்ப்பாளைப் பற்றி நிறைய நம்பிக்கை வைத்திருந்தேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை அண்ணா. வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார், கை தானாக அழுத்தியது, திருப்பியது, கேட் திறந்துவிட்டது. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை வீட்டு கேட்! கைக்கு எல்லாம் தெரியும் போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை.

அவர் திறந்து போட்டுவிட்டுப் போனால் நாய் உள்ளே வந்துவிடும், அதற்காகத்தான் சொல்கிறேன்.

இரண்டு பக்க வேலி முடிந்துவிட்டது. முன்பக்கம், ரோட்டைப் பார்த்தது, கம்பமும் கேட்டும்தான் நிற்கின்றன; பலகை அடிக்கிற வரைக்கும் இடையில் பழைய தகரம் கட்டி வைத்திருக்கிறோம். வேலி எப்படி வந்திருக்கிறது என்று காட்ட ஒரு படம் வைத்திருக்கிறேன். உன் மாப்பிள்ளை வரைந்தது. கோடு கொஞ்சம் ஆடும், ஆனால் ஆணிகூட எண்ணிப் போட்டிருக்கிறார்.

உன் முட்டியையும் அண்ணியையும் விசாரித்ததாகச் சொல்.

தங்கை


ஏப்ரல் 22

தங்கைக்கு,

படத்தை மூன்று தடவை பார்த்தேன். முதல் தடவை, படத்தில்தான் தவறு என்று நினைத்தேன். பிறகு ஆணிகளை எண்ணினேன். தவறு இல்லை.

வேலிக்கு முகம் உண்டு, முதுகு உண்டு. குறுக்குக் கட்டை தெரிகிற பக்கம் முதுகு. கட்டையில் கால் வைத்தால் யாரும் ஏறிவிடலாம், அதனால்தான் அதை வீட்டுப் பக்கம் வைக்கச் சொன்னேன். நீ கட்டையைத் தெருப் பக்கம் வைத்து, வழுவழுப்பான பக்கத்தை வீட்டை நோக்கித் திருப்பியிருக்கிறாய். வெளியிலிருந்து வருகிற திருடனுக்கு இரண்டு படி வைத்துக் கொடுத்திருக்கிறாய். உள்ளே இருப்பவருக்குக் கால் வைக்க ஓர் இடம் இல்லை.

ஐந்தடி. யாரும் திறக்க முடியாத தாழ்ப்பாள். இப்போது இது. நாய்க்கு இப்படி வேலி போடுவதில்லை. அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

யாருக்கு இந்த வேலி? மறைக்காமல் எழுது.

அண்ணன்


ஜூன் 5

தங்கைக்கு,

ஆறு வாரம் ஆகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பேசாமல் இருப்பதே பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முப்பத்தொரு வருஷம் தெருத்தெருவாக நடந்த மனிதரை ஆட்டை அடைக்கிற மாதிரி அடைக்க உனக்கு எப்படி மனசு வந்தது? அதுவும் அவர் கையாலேயே குழி தோண்டவைத்து. யாருக்கு வேலி என்று அவர் கேட்டபோது நாய்க்கு என்று வாய் கூசாமல் சொன்னாயே. காப்பகம் என்று நான் சொன்னபோது என்னைக் கல்நெஞ்சக்காரன் என்றாய். அங்கே தோட்டம் இருக்கிறது, கூடவே நடக்க ஆள் இருக்கிறார்கள். நீ செய்திருப்பதற்கு என்ன பெயர்? இதற்கு நானும் அளவு சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அதைப் பிரித்துவிடு. இல்லை, நான் வந்து பிரிப்பேன்.

அண்ணன்


ஜூன் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

உனக்கும் அண்ணிக்கும் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். நான் கோபமாக இல்லை, களைப்பாக இருக்கிறேன்.

மறைத்தது தப்புதான். சொன்னால் காப்பகம் என்பாய், அதனால் சொல்லவில்லை. இப்போது கேள்.

அவர் காலை எட்டு மணிக்குக் கிளம்புவது நடைப்பயிற்சிக்கு இல்லை. பீட்டுக்கு. தோளில் பை இருப்பதாக நினைத்துக்கொண்டு அவருடைய பழைய தெருக்களுக்குப் போகிறார். ஒவ்வொரு வீட்டு கேட்டையும் திறந்து, "சார், போஸ்ட்!" என்று குரல் கொடுக்கிறார். தெரிந்தவர்கள் வந்து, "இன்னைக்கு ஒண்ணும் வேண்டாங்க, நாளைக்குப் பாக்கலாம்" என்று அனுப்பிவைப்பார்கள். சிலர் தண்ணீர் கொடுப்பார்கள். கொஞ்ச காலம் நானும் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். பிறகு பழைய தெருக்கள் மாறிவிட்டன. நடுவில் பெரிய ரோடு வந்துவிட்டது, அவருக்கு அது தெரியாது.

நவம்பரில் ஒருநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் போய்விட்டார். கண்டுபிடித்தபோது பெரிய ரோட்டின் நட்ட நடுவில் நின்று கடிதம் பிரித்துக்கொண்டிருந்தார். வீட்டு எண் வாரியாக. கையில் ஒன்றுமே இல்லை. லாரி ஒரு முழம் தள்ளி நின்றது. மார்ச்சில் இன்னொரு தடவை நடந்தது. என் கால் புண் அப்போது வந்ததுதான்.

கேட்டின் தாழ் இப்போது வெளிப்பக்கம், முழங்கால் உயரத்தில் இருக்கிறது. பலகையில் ஒரு சின்ன ஓட்டை, கையை விட்டுத்தான் திறக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். சாயந்திரம் நான் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டு வருகிறேன். கையைப் பிடித்துக்கொள்வேன், முதலில் உதறுவார், பிறகு விட்டுவிடுவார்.

கட்டையை வெளியே வைத்தது தவறி வைத்தது இல்லை. அதற்குமேல் என்னைக் கேட்காதே. வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அவருக்கு இன்னும் என்னைத் தெரிகிறது அண்ணா. தெரிகிற வரைக்கும் எங்கேயும் அனுப்ப மாட்டேன். தெரியாமல் போனாலும் அனுப்ப மாட்டேன் என்று நினைக்கிறேன், ஆனால் அதை இன்றைக்குச் சத்தியம் செய்யத் தைரியம் இல்லை. நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

தங்கை


ஜூலை 2

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

உங்கள் மாப்பிள்ளை எழுதுவது. முட்டி வலி குறைந்ததா? உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு முட்டி வலி வரும், என்னைப் போல நடக்கிறவர்களுக்கு வராது என்று பல தடவை சொல்லியிருக்கிறேன்.

இன்று நல்ல நாள். நல்ல நாள் எது என்று எனக்கே தெரிகிறது, எழுந்ததும் ஜன்னலைப் பார்த்தால் எங்கள் வீட்டு ஜன்னல் என்று தெரியும். அதனால் உடனே எழுதுகிறேன்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் அடுத்தவர் கடிதத்தை நான் பிரித்ததில்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததுகூட இல்லை. ஜூன் மாதம் உங்கள் தங்கை பெயருக்கு நீங்கள் எழுதியதைப் பிரித்துப் படித்துவிட்டேன். அவள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். நீங்கள் திட்டியிருப்பது ஆள் மாறிப் போய்விட்டது. சரியான விலாசத்துக்கு நானே கொண்டுவந்து கொடுத்துக்கொள்கிறேன்.

வேலி என் யோசனை. லாரி நின்ற அன்று அந்த டிரைவர் இறங்கி வந்து என்னைத் திட்டவில்லை. ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார், தண்ணீர் கேட்டார். சின்ன வயசு. இவள் ஈரத் தலையோடு, வெறுங்காலோடு ஓடிவந்தாள். மறுநாள் எனக்குத் தெளிவு இருந்தது, எல்லாம் ஞாபகம் வந்தது. வேலி போடு என்றேன். மாட்டேன் என்றாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் பேசினேன். வேறு ஒரு வேலையும் இல்லையே எனக்கு.

நாய்க்கு என்று சொல்லச் சொன்னதும் நான்தான். தெளிவில்லாத நாளில் நான் கேட்பேன், அப்போது உண்மையைச் சொன்னால் சண்டை போடுவேன், நாய்க்கு என்று சொல்லிவிடு என்றேன். கேட்டேனாம். பாவம் நாய் என்றேனாம். அதைச் சொல்லி நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

முதல் பக்கம் கட்டையை உள்ளேதான் வைத்தோம், நீங்கள் சொன்னபடி. மூன்றாம் நாள் அதில் கால் வைத்து ஏறித் தாண்டிப் போய்விட்டேன். திரும்பக் கூட்டிவந்த மறுநாள் அத்தனையையும் பிரித்துத் திருப்பி அடித்தது நான். ஆணி முனையை மழுக்கித்தான் அடித்தேன். அடித்து முடித்து அவளிடம் வாக்கு வாங்கினேன். இனிமேல் நான் எவ்வளவு கெஞ்சினாலும் இதைத் திருப்பக் கூடாது, இது என் ஏற்பாடு என்று யாரிடமும் சொல்லவும் கூடாது. என் பெண்டாட்டி என்னை அடைத்து வைத்திருக்கிறாள் என்று தெருவில் பேசுவார்கள். தன்னைத்தானே அடைத்துக்கொண்ட பைத்தியம் என்று பேசுவதற்கு அது தேவலை என்று அன்று தோன்றியது. அது என் வறட்டுக் கௌரவம். அதை அவள் தலையில் கட்டியது பெரிய தப்பு.

நிறைய கெஞ்சினேனாம் மச்சான். கேவலமாகத் திட்டினேனாம். ஆபீசுக்கு லேட்டாகிறது என்று அழுதேனாம். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவள் அசையவில்லை.

ஓட்டையில் கைவிட்டுத் தாழ் திறப்பது எனக்கும் தெரியும். நல்ல நாளில் தெரியும். நல்ல நாளில் நான் திறப்பதில்லை.

உங்கள் காப்பகத்துக்குப் போக எனக்குப் பயம் இல்லை. அவள் விடுவதாக இல்லை. ஆனால் ரோட்டுப் பக்கம் பலகை அடிக்க என்னால் இனி முடியுமா தெரியவில்லை, சுத்தியலை எடுத்தால் எதற்கு எடுத்தோம் என்று

ஜூலை 5

பதிவுத் தபால்.

ஐயா, உங்களுக்குப் பதிவுத் தபால் ஒன்று வந்திருக்கிறது. இரண்டு தடவை வந்தேன், கதவு பூட்டியிருந்தது. பக்கத்தில் கொடுக்கக் கூடாது, விலாசதாரர் கையில்தான் கொடுக்க வேண்டும். கோட்டின் மேல் கையெழுத்துப் போடுங்கள். தேதியும் போட வேண்டும்.

பெறுபவர் கையெழுத்து ____________


ஜூலை 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதம் உங்கள் பெயருக்கே வருகிறது, தாராளமாகப் பிரிக்கலாம். தங்கையையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படியுங்கள்.

இத்துடன் உங்கள் தாளைத் திருப்பி வைத்திருக்கிறேன். கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தேதியும் இருக்கிறது. இரண்டு தடவை வந்ததாகவும் கதவு பூட்டியிருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். என்னை மன்னியுங்கள். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு எழுத்து வரவில்லை. நான் மூன்று காகிதத்தைக் கிழித்துப் போடுவதைப் பார்த்துவிட்டு அவளுடைய அண்ணி, "நேர்ல போய்க் கேளுங்க, டிக்கெட் எடுங்க" என்றாள்.

எடுத்துவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். இருபது நாள் விடுப்பு. ரோட்டுப் பக்கத்துக்கு நான் பலகை அடிக்கிறேன். குறுக்குக் கட்டை வெளியே, முகம் உள்ளே, நீங்கள் வரைந்தபடியே.

ஆனால் அது சாயந்திர வேலை. காலையில் எட்டு மணிக்கு நாம் இரண்டு பேரும் உங்கள் பீட்டுக்குப் போவோம். என் முட்டியைப் பார்த்துக் கொஞ்சம் மெதுவாக நடங்கள். பெரிய ரோட்டைத் தாண்டும்போது கையைப் பிடிப்பேன், உதற வேண்டாம். இருபது நாளும் அவள் வீட்டில் இருந்து, பாதியில் எழுந்து ஓடாமல், நிம்மதியாகக் குளித்துவிட்டு வரட்டும்.

எந்தத் தெரு முதலில் என்று எனக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் மச்சான்